ஒரே பிரசவத்தில் மூன்று: தண்டையார்பேட்டை அப்பா ஒருவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மனைவி வயிற்றில் மூன்று குழந்தைகள். இப்போது ஏழாம் மாதம். மூத்த பையனுக்கு ஆறு வயது. வாடகை வீடு தண்டையார்பேட்டையில், எனக்கு வேலை மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில், ஷிப்ட் கணக்கு. விஷயம் வெளியே தெரிந்ததில் இருந்து டீக்கடை, யார்டு கேட், கல்யாண வீடு என்று எங்கே போனாலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. அக்கறையில்தான் கேட்கிறார்கள், அதனால் பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்களைப் போலவே மூன்று என்று கேட்டுத் திகைத்து நிற்கும் கணவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கர்ப்பம் பற்றி எழுதுகிறவர்கள் அப்பாவுக்கு “மனைவிக்கு ஆதரவாக இருங்கள்” என்று ஒரு வரி ஒதுக்குவார்கள். ஆதரவு என்றால் தினப்படி என்ன செய்வது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மருந்து, ஊசி பற்றி இதில் இருப்பது எங்கள் டாக்டர்கள் எங்களுக்கு விளக்கியது. உங்கள் வீட்டு நிலவரத்துக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

மூன்று என்று எப்போது தெரிந்தது?

எட்டாவது வாரம் எடுத்த ஸ்கேனில். டாக்டர் முதலில் இரண்டு என்றார். அப்புறம் கருவியை வயிற்றின் ஓரத்துக்கு நகர்த்தி, திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இருங்க, இங்க இன்னொண்ணு இருக்கு” என்றார். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு புள்ளி படபடவென்று துடித்தது. என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. “மூணுக்கும் துடிக்குதா டாக்டர்?” என்றுதான் கேட்டாள். அப்போதே அவள் மூன்று பேருக்கும் அம்மாவாகிவிட்டாள். எனக்கு அந்த இடத்துக்கு வர இன்னும் சில வாரம் ஆனது.

அடுத்து, 11-வது வாரத்தில் இருந்து 14-வது வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். மூன்று பேரும் தனித்தனி நஞ்சுக்கொடியில் இருக்கிறார்களா, யாராவது இரண்டு பேர் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்கிறார்களா என்பது அந்த ஸ்கேனில்தான் தெளிவாகத் தெரியும். பகிர்ந்துகொண்டால் ஒரு குழந்தைக்கு ரத்தம் கூடுதலாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போகும் ஆபத்து உண்டு. அப்படி இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்ப்பார்கள். எங்களுக்கு மூன்றும் தனித்தனி. உங்கள் ரிப்போர்ட்டில் இந்த விவரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள், நாள் தள்ளிப்போனால் சரியாகச் சொல்வது கஷ்டம்.

ட்ரீட்மென்ட் எடுத்தீர்களா?

கருமுட்டை வளர்வதற்கு மாத்திரை எடுத்தோம். அந்த மாத்திரையில் ஒரே மாதத்தில் ஒன்றுக்கு மேல் முட்டை வெளியாக வாய்ப்பு உண்டு என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். எந்த மருந்தும் இல்லாமலும் மூன்று தரிக்கும். 1895-ல் ஹெலின் என்பவர் சொன்ன பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 89 பிரசவத்துக்கு ஒன்று இரட்டை, 89-ஐ 89-ஆல் பெருக்கினால் வரும் 7,921-க்கு ஒன்று மூன்று என்பது அது. சிகிச்சைகள் பெருகிய பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை என்னிடம் கேளுங்கள், பதில் சொல்கிறேன். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அவளிடம் நாலு பேர் காதில் விழும்படி கேட்காதீர்கள்.

ஒன்றைக் குறைத்துவிடச் சொன்னார்களாமே?

சொல்லவில்லை, அப்படி ஒரு வழி இருக்கிறது என்று விளக்கினார்கள். மூன்றை இரண்டாகக் குறைத்தால் குறைமாதப் பிரசவ ஆபத்து குறையும், தாய்க்கும் சுமை குறையும். ஆனால் அதைச் செய்யும்போது மற்ற குழந்தைகளையும் இழக்கும் ஆபத்து கொஞ்சம் உண்டு. பொதுவாக 11-ல் இருந்து 13-வது வாரம் வாக்கில் செய்வார்கள் என்பதால் யோசிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு.

நாங்கள் இரண்டு பேரும் பெரியவர்கள் யாரையும் கேட்காமல் பேசி மூன்றும் இருக்கட்டும் என்று முடிவெடுத்தோம். அவளுக்கு ரத்த அழுத்தம் இல்லை, முதல் பிரசவம் சிக்கல் இல்லாமல் நடந்தது, நஞ்சுக்கொடியும் தனித்தனி. இவை இல்லாமல் இருந்தால் எங்கள் முடிவு வேறாக இருந்திருக்கலாம். வேறு முடிவு எடுத்த தம்பதிகளை யாரும் பாவம் செய்தவர்கள் என்று பேச வேண்டாம். அந்த அறையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

ஆணா, பெண்ணா?

தெரியாது, கேட்கவும் மாட்டோம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் 1994-ல் வந்த சட்டப்படி குற்றம். ஸ்கேன் சென்டரிலேயே போர்டு மாட்டியிருக்கும். ரிப்போர்ட்டில் ஏ, பி, சி என்று இருப்பதால் வீட்டில் நாங்கள் கீழே இருக்கிறது, இடது, வலது என்று சொல்லிக்கொள்கிறோம்.

“மூணும் பொண்ணாப் பொறந்துட்டா என்ன பண்ணுவே?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மூன்று பெண் பிறந்தால் மூன்று பெண்ணை வளர்ப்பேன்.

எந்த மாதம் பிறக்கும்?

நாள் கணக்குப்படி டிசம்பர் கடைசி. ஆனால் அந்தத் தேதியை நாங்கள் மறந்தாயிற்று. ஒரு குழந்தைக்கு 40 வாரம் என்றால், மூன்று இருக்கும் கர்ப்பம் சராசரியாக 32 வாரத்தை ஒட்டித்தான் நிற்கிறது. அப்படிப் பிறக்கும் குழந்தைகள் ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோவில் இருந்து ஒன்றே முக்கால் கிலோ வரை இருக்கலாம் என்றார்கள். அந்தக் கணக்கில் எங்களுக்கு நவம்பர் முதல் வாரம், சென்னையில் மழை அடித்து ஊற்றும் காலம்.

எங்கள் வீட்டில் இப்போது நடக்கிற எல்லாமே இந்த வாரக் கணக்கைச் சுற்றித்தான் நடக்கிறது. வயிற்றுக்குள் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் கண்ணுக்கும் வெளியே எந்த மெஷினும் கொடுக்க முடியாத வளர்ச்சியைக் கொடுக்கிறது. 28-ஐத் தாண்ட வேண்டும், அப்புறம் 30, அப்புறம் 32. எங்களுக்கு வாரம் மாறுவது செவ்வாய்க்கிழமை. அன்று பையன் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து, புதுத் தாளில் வார எண்ணைப் பெரிதாக எழுதுவான். வீடு மாற்றியது, ஷிப்ட் மாற்றியது, வளைகாப்பைச் சுருக்கியது என்று கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் காரணம் அந்த எண்தான்.

முன்கூட்டியே பிரசவம் ஆகும் என்று தெரிந்தால், குழந்தைகளின் நுரையீரல் பக்குவப்பட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ரொம்பச் சீக்கிரம் என்றால் மூளையைப் பாதுகாக்க மெக்னீசியம் சல்பேட்டும் ஏற்றுவார்கள். இவை வேலை செய்ய நேரம் வேண்டும். அதனால் “கொஞ்ச நேரம் பாக்கலாம், சூட்டு வலியா இருக்கும்” என்று வீட்டில் உட்காரவே கூடாது. விட்டுவிட்டு வயிறு இறுகுவது, நீர் கசிவது, ரத்தம் படுவது, தலைவலியோடு கண் மங்குவது, நெஞ்சுக்குக் கீழே வயிற்றின் மேல்பக்கம் வலிப்பது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, குழந்தைகளின் அசைவு குறைவது, உள்ளங்கை அரிப்பது என்று எது வந்தாலும் நேரே ஆஸ்பத்திரிதான். இரவு இரண்டு மணிக்குப் போய் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் நல்லதுதானே.

படுத்தே இருக்க வேண்டாமா? தையல் போட்டாச்சா?

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எல்லோரும் சொல்வது இதுதான். முழு நேரமும் படுத்திருப்பதால் கர்ப்பம் கூடுதல் நாள் நிற்கும் என்று நிரூபணம் இல்லை, காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும் என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். கனம் தூக்கக் கூடாது, நெடுநேரம் நிற்கக் கூடாது, களைத்தால் படுக்க வேண்டும், வீட்டுக்குள் நடமாடலாம். இவ்வளவுதான் அவளுக்குச் சொன்னது.

கர்ப்பப்பை வாயில் போடும் தையலும் அப்படித்தான், மூன்று என்பதற்காகவே எல்லோருக்கும் போடுவதில்லை. கர்ப்பப்பை வாய் நீளத்தை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இவளுக்குப் போடவில்லை. குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பல கரு இருக்கும்போது வரக்கூடிய ரத்த அழுத்தப் பிரச்சினையைத் தடுக்க. “கர்ப்பிணிக்குத் தலைவலி மாத்திரையா?” என்று உறவில் ஒருவர் அதை நிறுத்தச் சொன்னார். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள், எதையும் சேர்க்கவும் செய்யாதீர்கள்.

இந்த நேரத்தில் ஏன் வீடு மாற்றினீர்கள்?

பழைய வீடு கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், இரண்டாவது மாடி. கூட்ஸ் வண்டி வந்தால் கேட் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. நானே வேலைக்குப் போகும்போது வண்டியை அணைத்துவிட்டு நின்றிருக்கிறேன். வலியோடு இருக்கிற மனைவியை ஆட்டோவில் வைத்துக்கொண்டு அங்கே நிற்க முடியாது. பெரிய மழை என்றால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று வழி அடைபடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் எத்தனையோ தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. எங்கள் பிரசவம் வருவதும் அதே மழைக்காலத்தில்தான்.

அதனால் தண்டையார்பேட்டையில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்தோம். வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னால் வீட்டுக்காரம்மாவிடம் நான் கேட்டது, “மிக்ஜாம் அப்போ தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?” என்றுதான். அவர் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டாவது படியைக் காட்டினார். வீட்டுக்கு நாலு படி. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தேன்.

வீடு பார்க்கும் அப்பாக்கள் இன்னும் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று கழிப்பறை. ஆறாம் மாதத்துக்கு மேல் மூன்று குழந்தை வயிற்றோடு குந்த முடியாது. இங்கே இந்தியன் டாய்லெட்தான் இருந்தது. மேலே வைக்கும் நாற்காலி வாங்கிப் போட்டு, சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி அடித்தோம். இன்னொன்று தண்ணீர். அடிபம்பு தெருமுனையில் இருந்தால் யார் அடிப்பது, யார் தூக்குவது? ஷிப்டுக்குப் போகும் முன் எல்லாக் குடத்தையும் நான் நிரப்பிவிடுகிறேன். தவலையையும் பெரிய குக்கரையும் பரண் மேல் ஏற்றிவிட்டேன், கண்ணில் பட்டால் எடுத்துக் கழுவ ஆரம்பித்துவிடுவாள்.

தாய்வீட்டுக்கு அனுப்பவில்லையா? வளைகாப்புக்கு ஏன் கூப்பிடவில்லை?

மாமியார் வீடு செய்யாறு பக்கம். முதல் பிரசவத்துக்கு அங்கேதான் போனாள். இந்த முறை குறைமாதக் குழந்தைகள் ஒரே நேரத்தில் மூன்று பேர் வரப்போகிறார்கள். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று இடம் வேண்டும், பிறக்கும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு டாக்டர், ஒரு நர்ஸ் வேண்டும். பிறந்த பிறகு குழந்தைகளை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே அந்த வசதி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது.

வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. இராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது, அது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. எழும்பூரில் 1844-ல் தொடங்கிய தாய்சேய் நல மருத்துவமனையும் அதற்குப் பக்கத்திலேயே குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கின்றன. அதனால் அவள் போவதற்குப் பதிலாக மாமியார் இங்கே வந்துவிட்டார். “பொண்ணை அனுப்பாம அம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டான்” என்று ஊரில் பேச்சு வந்தது. “அவங்க பேசட்டும் மாப்ள, எனக்கு என் பொண்ணு முக்கியம்” என்று சொல்லி அதை முடித்துவைத்தது அவர்தான்.

வளைகாப்பு ஐந்தாம் மாதமே வீட்டோடு நடந்தது. ஏழாம் மாதம் மண்டபம், பந்தி, மேடையில் மூன்று மணி நேரம் உட்காருவது எல்லாம் அவள் உடம்பு தாங்காது. கூப்பிடாததில் யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம்.

ஆறாம் மாதத்தில் கால் வீங்கி மெட்டி விரலுக்குள் புதைய ஆரம்பித்தது. சோப்பு போட்டும் வரவில்லை. மாமியார் தையல் நூலை மெட்டிக்கு அடியில் நுழைத்து, விரலைச் சுற்றி நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே வந்து, மறுமுனையைப் பிடித்து மெதுவாகப் பிரித்தார். நூல் பிரியப் பிரிய மெட்டி மேலே ஏறி வந்தது. மெட்டி இல்லாத காலைப் பார்த்து அவள் அழுதுவிட்டாள். என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், குழந்தைகள் வந்ததும் நானே போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சாப்பாடு எப்படி? மூன்று பேருக்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டுமே?

ஒரு நேரத்தில் அவளால் சாப்பிட முடிவதே ஒரு கைப்பிடி. வயிற்றில் இடம் இல்லை. அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக, முட்டை, சுண்டல், பயறு, தயிர், மீன் என்று. பல கரு கர்ப்பத்தில் ரத்தசோகை சீக்கிரம் வரும், இரும்புச்சத்து மாத்திரையைத் தவறவிடக் கூடாது. டீ, காபியோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, அதனால் டீக்கும் மாத்திரைக்கும் நடுவில் இடைவெளி விடுகிறோம்.

சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அளவு 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு வரச் சொல்லிக் கர்ப்பிணிகளை அலைக்கழிக்காத இந்த முறையைப் பரப்பியவர் நம் சென்னை டாக்டர் சேஷையா. அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐ நாடு முழுக்கக் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக அனுசரிக்கிறார்கள்.

காசிமேடு பக்கத்திலேயே இருப்பதால் மீனுக்குக் குறை இல்லை. வாரத்தில் இரண்டு நாள் நெத்திலி, மத்தி, இல்லாவிட்டால் சங்கரா வாங்குகிறேன். பிரசவம் ஆனதும் பால் ஊற சுறாப்புட்டு கொடுக்க வேண்டும் என்று என் அம்மா இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும், கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டிய மீன்களில் அதுவும் ஒன்று. அம்மாவிடம் பூண்டுக் குழம்பும் நெத்திலிக் குழம்பும் போதும் என்று பேசி ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். அம்மாவிடம் இதைப் பேச வேண்டியது மகன்தான், மருமகளைப் பேச விடக் கூடாது.

மூத்தவன் எப்படி எடுத்துக்கொண்டான்?

முதலில் சந்தோஷப்பட்டான். அப்புறம் அம்மா தூக்கக் கூடாது, அம்மா மேலே விழக் கூடாது, அம்மா மேலே காலைப் போட்டுத் தூங்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவனுக்கு அந்த மூன்று பேர் மேலேயும் கோபம் வந்தது. கோபம் வராமல் எப்படி இருக்கும்? ஆறு வருடமாக அவள் பக்கத்திலேயே படுத்தவன். ஒரு நாள் என்னிடம் தனியாக, “நைனா, அவங்க வந்ததும் நான் ஆயா வீட்டுக்குப் போயிடணுமா?” என்று கேட்டான். யாரோ விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தையிடம் இப்படி விளையாடாதீர்கள்.

இப்போது நானும் அவனும் ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறோம். அவன் தூங்குவதற்கு முன் கொஞ்ச நேரம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துப் பார்ப்பான். அந்த நேரத்தில் போன் கிடையாது, வேறு யாரும் உள்ளே வரக் கூடாது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடுவது, டிபன் கட்டுவது, வீட்டுப்பாடம் பார்ப்பது எல்லாம் இனி நைனா வேலை என்று அவனிடம் நேராகச் சொல்லிவிட்டேன். பிரசவத்தன்று இரவு அவன் யார் வீட்டில் இருப்பான் என்பதும் அவனுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் இரண்டு முறை படுத்துப் பழகிவிட்டான்.

வேலை, லீவு, பணம்?

தனியார் கம்பெனியில் அப்பாவுக்குப் பிரசவ லீவு தரவேண்டும் என்று சட்டம் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. நான் இப்போதே நைட் ஷிப்ட்டை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டு, லீவு எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். என் சூப்பர்வைசரிடம் நாலாம் மாதமே சொன்னேன். கடைசி நேரத்தில் கேட்டால் கொடுக்க நினைப்பவரால்கூடக் கொடுக்க முடியாது.

அவள் தனியார் பள்ளியில் டீச்சர். சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு லீவு, அதில் பிரசவத்துக்கு முன்னால் எடுக்கக்கூடியது எட்டு வாரம். குறைமாதப் பிரசவம், கர்ப்பத்தால் வரும் உடல்நலக் குறைவு என்றால் கூடுதலாக ஒரு மாதம் கேட்க இடம் இருக்கிறது. இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை, எழுத்தில் கேளுங்கள்.

காகிதம் சேர்ப்பதை அப்பா எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிந்து, பிக்மி எண் என்கிற பதிவு எண்ணை வாங்கியாக வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கு அது தேவைப்படும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி, இரண்டு பிரசவம் வரை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்து மேலே வையுங்கள். பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும், மூன்று பேருக்கும் தனித்தனிச் சான்றிதழ், பிறந்த நிமிடம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தனியார் ஆஸ்பத்திரி யோசிப்பவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒரு நாள் கட்டணத்தை முதலில் கேளுங்கள், அதை மூன்றால் பெருக்குங்கள், பிறகு வாரங்களால் பெருக்குங்கள். நாங்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அரசு ஆஸ்பத்திரி என்று உறுதி செய்தோம்.

பெட்டியில் வைத்துவிடுவார்களே, அப்பா என்ன செய்ய முடியும்?

நிறைய செய்ய முடியும். எனக்குத் தைரியம் வந்தது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான். சட்டையைக் கழற்றிவிட்டு, டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்ட குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக் கட்டிக்கொள்ளும் கங்காரு பராமரிப்பை அப்பாவும் செய்யலாம். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கியது அது. எடை குறைந்த குழந்தைகளுக்குச் சூடு தங்கும், மூச்சு சீராகும், உயிர் பிழைக்கும் வாய்ப்பும் கூடும். மூன்று குழந்தைக்கு அம்மா ஒருத்தி போதாது, அதுவும் ஆபரேஷன் ஆன உடம்போடு. அதனால் என் நெஞ்சும் வேண்டும். மாமியாருக்கும் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் இன்றைக்கே விட்டுவிடுங்கள், அந்த நெஞ்சில்தான் குழந்தை மூச்சுவிடப் போகிறது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு விஷயம் மறக்கக் கூடாது, கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ இரண்டு கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரை பார்த்தாக வேண்டும், ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் முன்னதாகவே. தள்ளிப்போட்டால் பார்வையே போகலாம். காது பரிசோதனையும் உண்டு. தூளி கட்ட மூன்று கொக்கி அடிக்கலாமா என்று அம்மா கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்றேன், குறைமாதக் குழந்தைக்குக் கழுத்து மடங்காமல் சமமான படுக்கையில் மல்லாக்கப் படுப்பதுதான் பாதுகாப்பு.

மூன்று பேருக்கும் தாய்ப்பால் போதுமா?

எடுக்க எடுக்க ஊறும் என்கிறார்கள். முதல் நாளில் இருந்தே அடிக்கடி பீய்ச்சி எடுக்க வேண்டும், இரவிலும். ஆரம்பத்தில் குழந்தைகளுக்கு உறிஞ்சத் தெம்பு இருக்காது, குழாய் வழியாகவும் அப்புறம் பாலாடையிலும் கொடுப்பார்கள். என் அம்மா வைத்திருந்த வெள்ளிப் பாலாடையை எடுத்து வந்து, தண்ணீர் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகச் சாய்த்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். கை நடுங்காமல் சாய்ப்பது எளிதில்லை. குறைந்தால் தாய்ப்பால் வங்கிப் பால் உண்டு, டாக்டர் சொன்னால் புட்டிப்பால் மாவும் உண்டு. அப்படிக் கொடுக்க நேர்ந்தால் யாரும் அவளைப் பார்த்து “பால் இல்லையா?” என்று கேட்டுவிடக் கூடாது. வாசலில் நான் நிற்பேன்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

இதை அடிக்கடி யாரும் கேட்பதில்லை. யார்டில் ஒரு அண்ணன் கேட்டார், அதனால் சேர்த்துக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது. மூன்றும் பிழைக்குமா என்ற பயம், அவளுக்கு ரத்தப்போக்கு வந்துவிடுமோ என்ற பயம், நாலு பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட முடியுமா என்ற பயம். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டக் கூடாது என்றுதான் முதலில் இருந்தேன். அவளே ஒரு நாள் இரவு, “நீ பேசாம இருந்தா எனக்கு இன்னும் பயமா இருக்கு” என்றாள். அதில் இருந்து படுக்கும் முன் அவள் காலைப் பிடித்துவிடும்போது இரண்டு பேரும் அன்றைய பயத்தைச் சொல்லிவிடுகிறோம். சில நாள் அழுகிறோம். சில நாள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் உதைக்கும்போது அவள் வயிறு ஒரு பக்கமாக மேடு கட்டி எழும், அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். உங்களுக்கும் பேச ஒரு ஆள் வேண்டும். அண்ணனோ நண்பனோ, கணக்குப் பார்க்காமல் கேட்கிற ஒருவர்.

நாங்கள் என்ன உதவி செய்யலாம்?

கேட்டதற்கு நன்றி, கூச்சப்படாமல் சொல்கிறேன். ரத்த தானம் செய்யத் தயாராக இருப்பவர்கள் உங்கள் பிரிவையும் போன் நம்பரையும் என் தம்பியிடம் கொடுத்து வையுங்கள். நவம்பரில் மழை வலுத்தால் தூக்கத்தில் எழுப்பினாலும் வண்டி எடுக்கும் ஆட்டோக்கார நண்பர்கள் சொல்லுங்கள், 108 வரத் தாமதமானால் வேண்டியிருக்கும். பையனை ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வந்தால் பெரிய உதவி. பழைய காட்டன் வேட்டி, சேலை இருந்தால் துவைத்துக் கொடுங்கள். மூன்று செட் புதுச் சட்டை வேண்டாம், அந்த அளவுக்கு அவர்கள் வளர நாளாகும்.

சளி, காய்ச்சல் இருந்தால் வராதீர்கள். பிறந்த பிறகும் முதல் மூன்று மாதம் வாசலோடு பார்த்துவிட்டுப் போங்கள், முத்தம் கொடுக்க வேண்டாம். செய்தியைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தம்பி போடுவான். எனக்கு அன்றைக்குப் போன் செய்யாதீர்கள், எடுக்க மாட்டேன்.